தீப்பெட்டியில் வந்த எறும்பு



இந்த முறை நம்முடைய பாடம் ஒரு தீப்பெட்டியில் தொடங்குகிறது.

என் தங்கச்சி குடும்பம் செட்டிகுளத்தில் இருக்கிறது. வவுனியா மாவட்டத்தில், மன்னார் ரயில் பாதையில் உள்ள ஊர். 1977 கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டை விட்டு வன்னிக்குப் போய்க் குடியேறிய குடும்பங்கள் அந்தப் பக்கம் நிறைய. தங்கச்சியின் மாமியார் வீட்டாரும் அப்படிப் போனவர்கள்தான். உங்களில் பலருக்கும் அங்கே ஒரு சித்தப்பாவோ அத்தையோ இருப்பார்கள்.

போன தீபாவளி லீவுக்குத் தங்கச்சி பிள்ளைகளோடு லயத்துக்கு வந்திருந்தாள். மருமகனுக்குப் பன்னிரண்டு வயது. வந்ததும் வராததுமாக ஒரு தீப்பெட்டியை என் கையில் வைத்தான்.

"மாமா, பாத்து தொறங்க. செத்துப்போச்சு, இருந்தாலும் பாத்து."

உள்ளே பஞ்சின்மேல் மூன்று எறும்புகள். தலை கறுப்பு, நடு உடம்பு செங்கல் நிறம், பின்பக்கம் மறுபடி கறுப்பு. ஒரு நெல்லை விடக் கொஞ்சம் நீளம்.

கதையைத் தங்கச்சி சொன்னாள். அவளுடைய மாமியார், அதாவது பையனுடைய அப்பாயி, விறகுக்காக ஒரு பட்டுப்போன கிளையை ஒடித்திருக்கிறார். கிளைக்குள்ளிருந்து எறும்புகள் கொட்டி, கழுத்திலும் கையிலும் குத்திவிட்டன. எறும்புதானே என்று சேலைத் தலைப்பால் தட்டிவிட்டு வேலையைப் பார்த்தார். கால் மணி நேரத்துக்குள் உடம்பெல்லாம் தடிப்பு. உதடு வீங்கிவிட்டது. மூச்சு இழுத்தது. திரீவீலரில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். வைத்தியர் ஊசி போட்டுக் காப்பாற்றினார்.

பிறகு வைத்தியர் கேட்டார்: "என்ன கடிச்சது? குளவியா, எறும்பா? எறும்புன்னா என்ன எறும்பு?"

யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. ஒருவர் கட்டெறும்பு என்றார். இன்னொருவர் காட்டெறும்பு என்றார். மறுநாள் பையனுடைய தாத்தா அதே கிளையைத் தூரத்திலிருந்து தடியால் தட்டி, விழுந்த மூன்றைச் செருப்பால் அழுத்தி எடுத்துக் கொடுத்திருக்கிறார். அதைத்தான் இவன் பத்திரமாகக் கொண்டுவந்தான்.

"எங்க ஊர்ல யாருக்குமே இதுக்குப் பேர் தெரியல மாமா. அப்ப இது புது எறும்பா?"

"எறும்புல என்னடா புதுசு?" என்று நான் சிரித்துவிட்டேன். பையன் முகம் சுருங்கிப்போனது. இரவு படுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அவன் கேட்டது நல்ல கேள்வி. நான் சொன்னதுதான் சரியான பதில் இல்லை. அந்தக் கேள்விக்கு முறையாகப் பதில் தேடிய கதையே இந்தப் பாடம்.

புது இனம் என்றால் என்ன?

புது இனம் என்றால் நேற்றுப் பிறந்தது என்று அர்த்தம் இல்லை. அந்த எறும்பு நம் பாட்டன் பூட்டனுக்கும் முன்னால் இருந்தே அந்த மண்ணில் ஊர்ந்துகொண்டிருக்கும். விஞ்ஞானிகளின் பதிவேட்டில் அதன் பெயர் இன்னும் ஏறவில்லை என்பதுதான் அர்த்தம்.

பதிவு என்றால் என்னவென்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளை நம் கண்முன்னே ஓடி விளையாடும். கந்தோருக்குப் போனால் அப்படி ஒரு பிள்ளையே இல்லை என்பார்கள். 1948ல் வந்த பிரஜாவுரிமைச் சட்டத்தால் நம் ஆட்கள் லட்சக்கணக்கானோர் இந்த நாட்டிலேயே வாழ்ந்துகொண்டு நாடற்றவர்களாக இருந்தார்கள். மிச்சமிருந்தவர்களுக்கும் வழி திறந்த சட்டம் 2003ல்தான் வந்தது. பெயர் பதியப்படாவிட்டால் என்ன நடக்கும் என்பது நாம் பட்டு அறிந்த விஷயம். பெயரில்லாத உயிரினத்துக்கும் அப்படித்தான். அது வாழும் காட்டை வெட்டும்போது 'இதைக் காப்பாற்றுங்கள்' என்று எழுதிக் கொடுக்க ஒரு சொல் கூட இருக்காது.

உலகத்தில் இதுவரை பெயர் வைக்கப்பட்ட எறும்பு இனங்கள் 14,000க்கும் அதிகம். இலங்கைக்கு மட்டும் ஒரு பட்டியல் இருக்கிறது. களனிப் பல்கலைக்கழகத்தின் ஆர்.கே.எஸ். டயஸ் வேறு நாட்டு ஆய்வாளர்களுடன் சேர்ந்து 2020ல் வெளியிட்டது. அதன்படி நம் நாட்டில் 341 எறும்பு இனங்கள். நாம் லயத்தில் சொல்லும் பெயர்களை எண்ணிப் பாருங்கள்: சிற்றெறும்பு, கட்டெறும்பு, செவ்வெறும்பு, பிள்ளையார் எறும்பு... ஒரு கை விரல்களுக்குள் முடிந்துவிடும். அப்படியானால் ஒரே 'கட்டெறும்பு' என்ற பெயருக்குள் எத்தனை இனங்கள் ஒளிந்திருக்கும்!

ஆகவே, 'எங்க ஊரில் பெயர் தெரியாது' என்பது வேறு. 'உலகத்திலேயே பெயர் இல்லை' என்பது வேறு. இரண்டாவதைச் சொல்ல வேண்டுமானால் முதலில் இருக்கிற பெயர்கள் அத்தனையையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

முதலில், இது எறும்புதானா?

இதென்ன கேள்வி என்று நினைக்காதீர்கள். கறையானை நாம் 'வெள்ளெறும்பு' என்கிறோம். ஆனால் கறையான் எறும்பே இல்லை. அது கரப்பான் பூச்சியின் சொந்தம். எறும்போ குளவிக்கும் தேனீக்கும் சொந்தம். மழை பெய்து விட்டதும் விளக்கடியில் வந்து விழும் ஈசல், சிறகு முளைத்த கறையான்தான்.

வித்தியாசம் பார்க்க மூன்று இடங்கள்:

இடுப்பு: எறும்புக்கு இடுப்பு நூல் மாதிரி ஒடுங்கி, அதில் ஒன்று அல்லது இரண்டு முடிச்சு இருக்கும். கறையானுக்கு இடுப்பே தெரியாது. மேலிருந்து கீழ்வரை ஒரே பருமன்.

உணர்கொம்பு: தலையில் மீசை மாதிரி நீட்டிக்கொண்டிருப்பதுதான் உணர்கொம்பு. எறும்புக்கு அது முழங்கை மாதிரி மடங்கியிருக்கும். கறையானுக்கு மணி கோத்தது போல் நேராக இருக்கும்.

சிறகு: சிறகுள்ள எறும்புக்கு முன்சிறகு பெரிது, பின்சிறகு சிறிது. ஈசலுக்கு நான்கும் ஒரே அளவு.

தேயிலை மலையில் வேலை செய்யும் நமக்கு இது வெறும் பாடம் இல்லை. தேயிலைச் செடியின் உயிருள்ள கட்டையைக் குடைந்து கெடுப்பது கறையான். கவ்வாத்து வெட்டும்போது கட்டைக்குள் ஓட்டை பார்த்திருப்பீர்கள். ஆனால் செடியில் ஊரும் எறும்பு எல்லாமே எதிரி இல்லை. பல இனங்கள் மற்றப் பூச்சிகளைப் பிடித்துத் தின்பவை. இது யார் என்று தெரியாமல் மருந்து அடித்தால், கெடுக்கிறவன் தப்பிவிடுவான், உதவுகிறவன் செத்துவிடுவான்.

பிறகு என்னென்ன பார்க்க வேண்டும்?

எறும்புதான் என்று தெரிந்த பிறகு, எந்த எறும்பு என்று பார்க்க வேண்டும். நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. வயதில் இளையது வெளிறியிருக்கும், மூத்தது கறுத்திருக்கும். எறும்பு ஆராய்பவர்கள் நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்ப்பவை இவை:

1. இடுப்பில் முடிச்சு ஒன்றா, இரண்டா?
2. உணர்கொம்பில் எத்தனை கணு?
3. தாடையில் எத்தனை பல்?
4. கண் பெரிதா, சிறிதா, இல்லவே இல்லையா?
5. முதுகில் முள் உண்டா?
6. உடம்பு பளபளப்பா, சொரசொரப்பா? மயிர் எங்கெங்கே?
7. தலையின் நீளம், அகலம், உணர்கொம்பின் முதல் கணுவின் நீளம் எவ்வளவு?

ஒரு கணுவில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றும். ஒரு உண்மைச் சம்பவம் சொல்கிறேன். கேரளத்தில் தேக்கடிப் பக்கம் பெரியார் புலிகள் காப்பகம் இருக்கிறது. பக்கத்திலேயே வண்டிப்பெரியார், நம்மைப் போன்றவர்கள் கொழுந்து பறிக்கும் தேயிலைத் தோட்டங்கள் உள்ள ஊர். அந்தக் காப்பகத்தில் கிடைத்த ஒரு சின்ன எறும்பையும், அதோடு இன்னொன்றையும், பஞ்சாபில் பட்டியாலா நகரத்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இமேந்தர் பாரதி குழுவினர் ஆராய்ந்தார்கள். இரண்டும் ஊசெரியா என்ற கூட்டத்தைச் சேர்ந்தவை. அந்தக் கூட்டத்தில் அதுவரை தெரிந்த இனங்கள் 14. எட்டு இனத்துக்கு உணர்கொம்பில் 9 கணு, ஐந்து இனத்துக்கு 11, ஒன்றுக்கு 8. பத்துக் கணு உள்ளது ஒன்று கூட இல்லை. இவர்கள் எண்ணினார்கள்: பத்து! திரும்பவும் எண்ணினார்கள்: பத்துதான். மற்ற அடையாளங்களையும் ஒப்பிட்டுப் பார்த்து, 2021ல் இரண்டையும் புது இனங்கள் என்று வெளியிட்டார்கள். பெரியாரில் கிடைத்ததற்கு, பெங்களூர் பேராசிரியர் அமிதாப் ஜோஷியைக் கௌரவித்து, ஊசெரியா ஜோஷியை என்று பெயர். மற்றதற்கு ஊசெரியா டெகாமெரா என்று பெயர். டெகா என்றால் பத்து.

இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஒரே கூட்டுக்குள்ளேயே வேறுவேறு உருவங்கள் இருக்கும். சில இனங்களில் சாதாரண வேலைக்காரிகள் சின்னத் தலையோடும், வேறு சிலர் பெரிய தலையோடும் இருப்பார்கள். ராணிக்கு வேறு உருவம். சிறகுள்ள ஆணைப் பார்த்தால் சின்னக் குளவி என்பீர்கள். எல்லாரும் ஒரு தாய் பிள்ளைகள். தனித்தனியாகப் பார்த்தவர்கள் வேலைக்காரிக்கு ஒரு பெயரும் ஆணுக்கு ஒரு பெயரும் வைத்து ஏமாந்ததும் உண்டு. அதனால்தான் ஒரே ஓர் எறும்பைப் பிடித்துப் பார்த்தால் போதாது. ஒரே கூட்டிலிருந்து பல எறும்புகள் வேண்டும்.

பெயர் வைக்கும் முறை

எறும்பைப் பிடித்தவுடன் சிறிய போத்தலில் மதுசாரத்தில் போடுவார்கள். அதோடு ஒரு துண்டுக் கடதாசியில் ஊர், திகதி, கிடைத்த இடம், பிடித்தவர் பெயர் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிப் போத்தலுக்கு உள்ளேயே போடுவார்கள். பேனை மை கரைந்துவிடும், பென்சில் கரையாது. இந்தத் துண்டு இல்லாத எறும்பு, விலாசம் இல்லாத கடிதம் மாதிரி.

பிறகு எறும்பை முக்கோணமாக வெட்டிய சின்ன அட்டையின் நுனியில் ஒட்டி, அந்த அட்டையை ஊசியில் குத்தி வைப்பார்கள். அடுத்து இனங்காணும் அட்டவணை. அது கேள்வி பதில் போல இருக்கும். 'இடுப்பில் ஒரு முடிச்சா? 2ஆம் இலக்கத்துக்குப் போ. இரண்டு முடிச்சா? 15ஆம் இலக்கத்துக்குப் போ.' இப்படிப் போய்ப் போய் ஒரு பெயரில் நிற்கலாம். எங்கேயும் பொருந்தாமல் நின்றுவிட்டால்தான் 'ஒருவேளை இது புதிதோ?' என்ற சந்தேகமே வர வேண்டும்.

அப்போதும் அவசரப்படக் கூடாது. முதன்முதலில் பெயர் வைத்த ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு மூல மாதிரி நூதனசாலையில் பாதுகாக்கப்பட்டிருக்கும். இலங்கை எறும்புகள் பலவற்றின் மூல மாதிரிகள் இத்தாலியில் ஜெனோவாவிலும், சுவிற்சர்லாந்தில் ஜெனீவாவிலும், லண்டனிலும் உள்ளன. அவற்றோடு ஒப்பிட வேண்டும். இந்தக் காலத்தில் மரபணுவையும் ஒப்பிடுகிறார்கள். எல்லாம் முடிந்த பிறகு, படமும் அளவுகளும் சேர்த்து எழுதி, மற்ற விஞ்ஞானிகள் சரிபார்த்த பின் சஞ்சிகையில் வெளியிட வேண்டும். அன்றுதான் அந்தப் பெயர் பதிவாகிறது.

பெயரில் இரண்டு சொல் இருக்கும். விலங்குகளுக்கு இந்த முறையை நிலைநிறுத்தியது 1758ல் சுவீடன் நாட்டு லின்னேயஸ் எழுதிய நூல். முதற் சொல் கூட்டத்தின் பெயர். பாடப் புத்தகத்தில் இதைச் 'சாதி' என்று போட்டிருப்பார்கள். நாம் சண்டை போடும் சாதி இல்லை. இரண்டாவது சொல் இனத்தின் பெயர். அது லத்தீன் சொல்லாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. இந்தியாவில் அருணாசலப் பிரதேசத்தில், இங்கு என்ற கிராமத்துப் பக்கம், மாடு போகும் பாதையோரத்து மரப் பொந்தில் நீல நிறமாக மின்னும் எறும்பு கிடைத்தது. 2024ல் அதற்கு வைத்த பெயர் பாரபாராட்ரெகினா நீலா. நீலம் என்ற நம் சொல்தான்! இரண்டு மில்லிமீற்றர் கூட இல்லாத எறும்பு. மாடு ஓட்டிக்கொண்டு எத்தனை பேர் அந்த மரத்தைத் தாண்டிப் போயிருப்பார்கள்!

இலங்கையில் மட்டும் வாழும் எறும்பு

நம் நாட்டிலும் உலகமே தேடி வந்த ஓர் எறும்பு உண்டு. 1892ல் சிமோன் என்ற பிரெஞ்சுக்காரர் இலங்கைக்கு வந்தார். அவர் சிலந்தி ஆராய்பவர். போகிற போக்கில் எறும்புகளையும் சேர்த்தார். அவற்றை ஆராய்ந்த இத்தாலியர் கார்லோ எமரி, 1893ல் ஒரு சின்ன மஞ்சள் எறும்புக்கு அனியுரெட்டஸ் சிமோனி என்று பெயர் வைத்தார். பிடித்தவரின் பெயரே எறும்புக்கும்.

அதன் நெருங்கிய சொந்தங்கள் எல்லாம் கல்லாகிப்போனவை. பால்டிக் கடற்கரையில் கிடைக்கும் அம்பர் என்ற உறைந்த மரப் பிசினுக்குள், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் சிக்கிய எறும்புகளாக அவற்றில் சில தெரியும். அந்தக் குடும்பக் கிளையில் இன்று உயிரோடு இருப்பது இந்த ஒரே இனம், இந்த ஒரே நாட்டில்.

ஆனால் அது எப்படி வாழ்கிறது, எங்கே கூடு கட்டுகிறது என்று யாருக்கும் தெரியாமல் இருந்தது. 1955ல் அமெரிக்காவிலிருந்து எட்வர்ட் வில்சன் என்ற 26 வயது இளைஞர் இதைத் தேடியே வந்தார். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற எறும்பு அறிஞர் அவர்தான். கண்டிப் பக்கம் தேடினார், கிடைக்கவில்லை. இரத்தினபுரிப் பக்கம் போனார். தரையில் கிடந்த உளுத்த குச்சிகளை ஒவ்வொன்றாக ஒடித்துப் பார்த்துக்கொண்டே போனவருக்கு ஒரு குச்சிக்குள் அந்த மஞ்சள் எறும்பு கிடைத்தது. கிலிமலைக் காட்டில் அதன் கூடுகளைப் படித்தார்.

பின்னர் வேறு சில காடுகளிலும் அது கண்டெடுக்கப்பட்டது. ஆனாலும் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில், அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அது இடம்பெற்றிருக்கிறது. ஈரமான தாழ்நாட்டுக் காடு அதற்கு வேண்டும். அந்தக் காடுகளில் பெரும் பகுதி நூறு, நூற்றைம்பது வருஷங்களில் தோட்டமாகவும் ஊராகவும் மாறிவிட்டது. காட்டை வெட்டச் சொன்னது நம் பாட்டன்மார் இல்லை; வெட்டிய கைகள் அவர்களுடையதாக இருக்கலாம். மிச்சமிருக்கும் காட்டுத் துண்டுகளுக்குப் பக்கத்தில் இன்று வாழ்பவர்கள் நாம். விறகுக்குப் போகாமல் அடுப்பு எரியாது, அது தெரியும். ஆனால் தரையோடு மக்கிக் கிடக்கும் உளுத்த குச்சியும் சருகும் எரியவும் எரியாது. அதை அப்படியே விட்டுவிட்டால் அதற்குள் குடியிருப்பவர்களுக்கு நாம் செய்கிற பெரிய உபகாரம்.

மருமகனின் எறும்புக்கு என்ன ஆச்சு?

இனி தீப்பெட்டிக்கு வருவோம். தோட்டத்துப் பாடசாலையின் விஞ்ஞான டீச்சரிடம் எடுத்துப் போனோம். டீச்சர் கைவில்லையைக் கொடுத்து, "நீயே பாத்துச் சொல்லு" என்றார்.

"இடுப்புல ரெண்டு முடிச்சு டீச்சர். கண்ணு பெருசு. மீசை... ஒண்ணுக்கு ஒடஞ்சிருக்கு. இன்னொண்ணுக்கு முழுசா இருக்கு. பன்னெண்டு கணு."

"எப்ப புடிச்சது? எந்த மரம்?"

தீப்பெட்டியில் எதுவும் எழுதியிருக்கவில்லை. நல்ல வேளை, பையனுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. பாலை மரம், பட்டுப்போன கிளை, திகதி, எல்லாம் சொன்னான். டீச்சர் அவனையே எழுத வைத்தார். பிறகு போனில் கிட்டக்கப் படம் எடுத்து, எறும்பு ஆராயும் ஒருவருக்கு அனுப்பினார். இரண்டு நாளில் பதில் வந்தது.

டெட்ராபோனேரா ரூபோநைக்ரா.

ரூபோ என்றால் சிவப்பு, நைக்ரா என்றால் கறுப்பு. இந்தியா, இலங்கை, தென்கிழக்கு ஆசியா எங்கும் உள்ள எறும்பு. மரத்தில் காய்ந்துபோன கிளைக்குள் கூடு கட்டும். பெயர் வைத்தவர் தோமஸ் ஜெர்டன், மதராஸ் ராணுவத்தில் வைத்தியராக இருந்தவர். தென்னிந்திய எறும்புகளைப் பற்றி 1851ல் மதராஸ் சஞ்சிகை ஒன்றில் எழுதிய பட்டியலில் இதையும் சேர்த்திருந்தார்.

பையனுக்கு ஏமாற்றம். "அப்ப புதுசு இல்லியா?"

"புதுசு இல்லை. 170 வருஷத்துக்கு மேலா பேர் இருக்கு. நம்ம வீட்டுக்குத்தான் அந்தப் பேர் வந்து சேரல" என்றார் டீச்சர். "ஆனா நீ செஞ்ச வேலை வீண் இல்லப்பா. உங்க அப்பாயிக்கு அது தேவை."

உண்மைதான். இந்த எறும்பு குத்தியதால் கடும் ஒவ்வாமை ஏற்பட்டவர்களைப் பற்றி இலங்கையிலும் தாய்லாந்திலும் வைத்தியர்கள் எழுதியிருக்கிறார்கள். அன்று இரவே தங்கச்சி அந்தப் பெயரை ஒரு கடதாசியில் எழுதி, மாமியாரின் கிளினிக் புத்தகத்தில் ஒட்டுவதற்கு எடுத்து வைத்தாள். அடுத்த முறை வைத்தியர் கேட்டால் காட்ட ஒரு பெயர் இருக்கிறது. எந்தக் கிளையை ஒடிக்கக் கூடாது என்பதும் இப்போது அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

எறும்போ குளவியோ குத்தினால்

குத்திய இடத்தில் மட்டும் வலியும் வீக்கமும் என்றால், சோப் போட்டுக் கழுவிக் குளிர்ந்த துணி வைத்தால் போதும். ஆனால் உடம்பெங்கும் தடிப்பு, உதடு, நாக்கு, கண்ணிமை வீக்கம், மூச்சு இழுப்பு, தலைச்சுற்று, வாந்தி இவற்றில் ஏதாவது வந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்காதீர்கள். சுண்ணாம்பு தடவிக்கொண்டும் மந்திரித்துக்கொண்டும் இருக்க நேரம் இல்லை. 1990க்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். ஒரு முறை இப்படி வந்தவருக்கு மறுமுறையும் வரலாம். வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். குத்திய பூச்சி செத்துக் கிடந்தால் எடுத்துப் போங்கள். அதைப் பிடிக்கப் போய் இன்னொரு குத்து வாங்காதீர்கள்.

நீங்களும் செய்து பாருங்கள்

பிள்ளைகளே, லயத்துக்குப் பின்னால் உள்ள கானோரம், தேயிலைச் செடியடி, கோயில் மரத்தடி, இந்த மூன்று இடத்திலும் ஒரு துளி சீனித் தண்ணீர் விட்டு, அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். கையால் தொட வேண்டாம். கொப்பியில் நான்கு விஷயம் எழுதுங்கள்: திகதி, இடம், நிறமும் அளவும், என்ன செய்துகொண்டிருந்தது. ஒரே எறும்பு மூன்று இடத்திலும் வந்ததா, வேறுவேறா? பெற்றோர் போனில் படம் எடுத்துத் தந்தால் இடுப்பு முடிச்சை எண்ணிப் பாருங்கள்.

கீழே உள்ள கேள்விகளுக்கு வீட்டில் எல்லாரும் சேர்ந்து விடை தேடுங்கள்:

1. ஈசல் எறும்பா? எந்த அடையாளத்தை வைத்துச் சொல்வீர்கள்?
2. 'புது இனம்' என்று சொல்லும் முன் எவற்றோடு ஒப்பிட வேண்டும்?
3. போத்தலுக்குள் போடும் துண்டில் என்னென்ன எழுத வேண்டும்? ஏன் பென்சிலால்?
4. ஒரே ஓர் எறும்பை மட்டும் வைத்து முடிவு சொன்னால் என்ன தவறு நேரலாம்?
5. எறும்பு குத்தியவரை எப்போது உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்?

மருமகன் செட்டிகுளத்துக்குத் திரும்பும்போது டீச்சர் அவனுக்கு மூன்று சின்ன மருந்துப் போத்தல்களும், அவற்றில் ஊற்ற, பெரியவர் கையில் கொடுத்து, கொஞ்சம் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டும் தந்தார். போன மாதம் பஸ்ஸில் வந்த ஒருவரிடம் ஒரு போத்தல் கொடுத்தனுப்பியிருந்தான். குளக்கட்டுக்குக் கீழே சருகுக்குள் கிடைத்த, மணலை விடக் கொஞ்சம் பெரிய எறும்புகள், ஒரே கூட்டிலிருந்து ஒன்பது. உள்ளே பென்சிலில் எழுதிய துண்டு: ஊர், திகதி, இடம், அவனுடைய பெயர்.

டீச்சர் அதை அனுப்பிவிட்டார். பதில் இன்னும் வரவில்லை. பெரும்பாலும் அதற்கும் ஒரு பெயர் ஏற்கெனவே இருக்கும். இல்லாமலும் இருக்கலாம்.